விசில் ஊதும் வரை

சட்டையின் மேல் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். ஆறு மாதமாக அது என் வேலை. அவருடைய வலது கை விரல்களுக்குப் பொத்தானும் பிடிபடுவதில்லை, பேனாவும் பிடிபடுவதில்லை. இன்று எனக்கே அது இரண்டு முறை வழுக்கியது. "படத்துல அடி வாங்கப்போறவன் நான். நீ ஏன் மதி தடுமாறுறே?" என்று சிரித்தார். அவர் நடித்த படம் வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. தலைவலி, பள்ளிக்கூடத்தில் வேலை, குறுவை அறுப்புக்கு ஆள் வருகிறார்கள் என்று முடிந்தவரை தள்ளிப்போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமையோடு படத்தைத் தூக்கிவிடுவார்களாம். அவரிடம் கராத்தே கற்ற மாணவர்கள் டிக்கெட்டோடு எங்கள் ஊர் பூவத்துக்கே வந்து நின்றுவிட்டார்கள். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, என் மாமியாருக்கு ஒன்று.

என் கணவர் சிவநாதன் காரைக்காலில் கராத்தே மாஸ்டர். மாசி மாதம் கருக்களாச்சேரி கடற்கரையில் சினிமாக்காரர்கள் பெரிய செட் போட்டார்கள். கதை உலகச் சண்டைப் போட்டி. எட்டு நாட்டு வீரர்கள் ஒரு தீவுக்கு வந்து, கடைசியில் ஒருவன் மிஞ்சும்வரை மோதுகிறார்கள். தீவு எங்கள் கடற்கரைதான். எட்டு நாடுகளில் மூன்று நாடு நாகப்பட்டினத்திலிருந்தே பஸ் பிடித்து வந்துவிட்டது. இவரைப் பிலிப்பைன்ஸ் ஆக்கினார்கள். நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டியதும் நாடு மாறிவிட்டது. வேடிக்கை பார்க்கிற வெளிநாட்டுக் கூட்டத்துக்கும் சுற்றுவட்டார ஆட்கள்தான். எனக்கு ஒரு கவுனும் சிவப்புத் தொப்பியும் கொடுத்தார்கள். அத்தை காசியம்மா புடவையை விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சரி, இந்தம்மா இந்தியாவிலிருந்து வந்தவராக இருக்கட்டும் என்று ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அன்று காலை நாங்கள் அப்படிச் சிரித்தோம்.

முதல் டேக்கைக் கெடுத்தது அத்தைதான். மல்லன் போலிருந்த எதிராளி இவர் மார்பில் உதைப்பதுபோல் காலை வீசியதும், "எம் புள்ளைய விடுடா" என்று கத்திக்கொண்டு அத்தை களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளேயே நுழைந்துவிட்டார். செட் முழுக்கச் சிரிப்பு. டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை, மைக்கிலேயே திட்டினார். அத்தையை அழைத்துப்போய் வேனில் உட்கார வைத்தார்கள். பிறகு உதவி டைரக்டர் ஒருவர் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சட்டம் சொன்னார். விசில் ஊதும் வரை யாரும் கைதட்டலை நிறுத்தக்கூடாது, யார் விழுந்தாலும், எப்படி விழுந்தாலும். அடுத்த டேக் தொடங்கும் முன் என் கணவர் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார். "நீயாவது என் மானத்தை வாங்காத மதி. என்ன ஆனாலும் எந்திரிக்காத." சரி என்று தலையாட்டினேன்.

எட்டு வருடமாக எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் வகுப்பு எடுத்தார். முதல் மாதம் முழுக்க விழுவதற்கு மட்டும்தான் பாடம். தலையை உள்ளே இழு, விழுகிற நேரம் கையால் தரையை அடி. கீழே சமைத்துக்கொண்டிருக்கும்போதே 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் விழுந்தவன் சரியாக விழுந்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கே அது பழகிவிட்டது. அன்று எதிராளி இவரைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தான். தொம்மென்று உடம்பு விழுந்த சத்தம் கேட்டது. 'பட்' கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. அதை இப்போதாவது ஒளிக்காமல் சொல்கிறேன். கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. வலது கை உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. நான் எல்.கே.ஜி. டீச்சர். நான் கையைத் தூக்கினால் இருபது குழந்தைகள் கைதட்டுவதை நிறுத்திவிடும். அந்தக் குழந்தைகளைப் போல நானும் விசிலுக்காகக் காத்திருந்தேன். தட்டிக்கொண்டே இருந்தேன். நீண்ட கம்பத்தின் நுனியில் கேமரா மிதந்து என் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. இன்னும் பலமாகத் தட்டினேன். கேமரா இத்தனை பேரை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் அத்தை கேட்டபோது, முன்னால் இருந்தவர்கள் மறைத்துவிட்டார்கள், ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவரிடமும் அதையே சொன்னேன். கழுத்து நரம்பில் அடி. அந்தச் சில நொடிகளால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டும் எனக்கு ஆறவில்லை. அத்தை அவருக்குச் சோறு ஊட்டும் போதெல்லாம், "நான் மட்டும் அங்க இருந்திருந்தா ஓடியிருப்பேன்" என்பார். "விடும்மா, அவ பாக்கல" என்று இவர்தான் ஒவ்வொரு முறையும் எனக்காகப் பேசுவார். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் ஆறு மாதமாக எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது.

தியேட்டரில் நான் நடுவில். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அத்தை. அந்தக் காட்சியை வெட்டியிருக்க வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன். சாமிகள் எடிட்டிங்கில் தலையிடுவதில்லை போலிருக்கிறது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு எங்கள் கடற்கரை தீவாகத் திரையில் விரிந்தது. துணிப்பட்டையோடு அவர் வந்ததும் பின் வரிசையில் மாணவர்கள் விசிலடித்தார்கள். அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவரை எதிராளி தூக்கினான். எறிந்தான். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அவர் கவனிப்பார் என்று பயம்.

அவருடைய கன்னம் தரையில் கிடந்தது திரை முழுக்கத் தெரிந்தது. அடுத்து நான். வீட்டு உயரத்துக்குச் சிவப்புத் தொப்பி, வாய் கொள்ளாத சிரிப்பு, ஓயாமல் தட்டும் கைகள். எனக்கு முன்னால் யாருமே இல்லை. என் கண்கள் மட்டும் அசையாமல் கீழே ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. திரும்ப அவர். திரும்ப நான். படத்தைப் பார்த்துத் தியேட்டரும் கைதட்டத் தொடங்கியது.

அத்தைக்குத் தூரப் பார்வை மங்கல். என்னைத் தாண்டிக் குனிந்து மகனிடம் கேட்டார். "யாருடா அந்தப் பொம்பள? புள்ள விழுந்து கெடக்குறான், அவ இப்புடி சிரிக்கிறா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எவ்வளவு நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. திரை வெளிச்சம் அவர் முகத்தில் மாறி மாறி விழுந்தது.

"யாரோ வெளிநாட்டுக்காரிம்மா" என்றார்.

இடைவேளை விட்டு விளக்குகள் எரிந்ததும் மாணவர்கள் பாப்கார்னோடு ஓடிவந்து சுற்றி நின்றார்கள். மாஸ்டரோடு போட்டோ எடுக்க வேண்டுமாம். அவர் எழுந்து நின்றார். மேல் பொத்தான் அவிழ்ந்திருந்தது. பழக்கத்தில் என் கை தானாக நீண்டது. அவர் அரை அடி நகர்ந்துகொண்டார்.

"இருங்கடா" என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு இடது கையால் தானே போடத் தொடங்கினார். பொத்தான் துளையின் விளிம்பு வரை போய் வழுக்கியது. மறுபடியும் போய் வழுக்கியது. ஒருவன் உதவ வந்தான், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். செல்போன்களை உயர்த்திப் பிடித்தபடி எல்லாரும் காத்திருந்தார்கள். நான் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கைகளை அழுத்தி வைத்துக்கொண்டேன்.