மாப்பிள்ளை கொடுத்த மாத்திரை

"வேற ஏதாச்சும் மாத்திரை கொடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டு வாய் மூடவில்லை, சாகிராவின் புருஷன் நசீர் முந்திக்கொண்டான்.

"இல்லீங்க மேடம். எங்க ஊரு டாக்டரு எழுதிக் கொடுத்ததுதான். வேற ஒண்ணும் இல்லீங்க."

பச்சைப் பொய்! சீட்டுப் போடுகிற வரிசையில் நின்றுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த சாகிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் அவளைப் பெற்ற அத்தா தாஜுதீன் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கிறார். விடிந்ததிலிருந்து ஏழெட்டுத் தடவை வாந்தி. கூப்பிட்டால் 'ம்' என்கிறார், அடுத்த கேள்விக்கு அதுவும் இல்லை. ஈரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, எதனால் என்று தெரிந்தால்தான் சரியான மருந்தை ஏற்ற முடியும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்கிறார். இவன் என்னடாவென்றால் ஒண்ணும் இல்லீங்க என்கிறான்.

டாக்டரம்மா மேசைப் பக்கம் நகர்ந்ததும், சட்டையைப் பிடிக்காத குறையாக அவனை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"மெதுவா பேசு புள்ள. துபாய் மாத்திரைன்னு தெரிஞ்சா போலீஸ் கேஸு அது இதுன்னு எழுதிருவாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு. பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்டாங்கன்னா என் வேலை போயிரும்."

"எங்க அத்தா உசுரு போயிட்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. நல்ல மாத்திரை அது. ஃபாரின் சரக்கு."

ஃபாரின் சரக்காம், ஃபாரின் சரக்கு! அவர்கள் ஊர் லப்பைக்குடிகாட்டுக்கு துபாயிலிருந்து லீவில் வருகிறவன் எவனும் வெறுங்கையோடு வந்ததில்லை. சென்ட், தைலம், பால் பவுடர், அதோடு ஒரு பை நிறைய மாத்திரை. தலைவலிக்கு இது, இடுப்பு வலிக்கு அது என்று தெரு முழுக்கப் பங்கு போகும். உள்ளூர் கடையில் வாங்கினால் வெறும் மாத்திரை, பிளேனில் வந்துவிட்டால் அதற்குத் தனி மவுசு. ஒரு நாளைக்கு எத்தனை, சாப்பிடாமல் போடலாமா, ஏற்கெனவே போடுகிற மாத்திரையோடு ஒத்துப்போகுமா, ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்டது கிடையாது.

அம்மா போன பிறகு அத்தா சாகிராவோடுதான் இருக்கிறார். ஐந்து நாளைக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. ஊர் டாக்டர் தினம் நாலு வேளைக்கு மாத்திரை எழுதினார், சாகிரா தவறாமல் கொடுத்தாள். நசீருக்கு அது போதவில்லை. மாமனார் மேல் அவனுக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வேளாவேளைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இத போடுங்க மாமா, உடம்பு வலி பறந்துரும்" என்று துபாய் மாத்திரையை இரண்டிரண்டாக உள்ளங்கையில் வைத்தான். பத்தாததற்குக் காலையிலும் ராத்திரியிலும் வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற எலுமிச்சைப் பொடி வேறு, அதுவும் துபாய்தான். அத்தாவுக்கு வாய் கசந்து கஞ்சி கூட இறங்கவில்லை. வெறும் வயிற்றில் மருந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் மொண்டு கொடுத்தவளே சாகிராதான். பத்தாவது படித்த கழுதை, ஒரு அட்டையையாவது திருப்பிப் பார்த்தாயா என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நீங்க உங்க பாஸ்போர்ட்டையே கட்டிக்கிட்டு அழுவுங்க!"

உள்ளே ஓடினாள். ஆம்புலன்ஸ் ஏறும்போது அலமாரியிலிருந்த மருந்தையெல்லாம் பையில் அள்ளிப் போட்டிருந்தாள். அப்படியே டாக்டரம்மாவின் மேசையில் கொட்டினாள். "இதெல்லாந்தான் கொடுத்தோம் மேடம். நாலு நாளா. போலீஸ் கேஸாயிரும்னு இவரு மறைச்சிட்டாரு."

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"உங்க ஊரு டாக்டரு எழுதுன மாத்திரை, இந்த ஃபாரின் மாத்திரை, இந்தப் பொடி, மூணும் ஒரே மருந்தும்மா. பாரசிட்டமால். மேல பெருசா இருக்குறது கம்பெனி வெச்ச பேரு. உள்ள என்ன இருக்குன்னு இங்க பொடி எழுத்துல போட்டிருக்கு, பாருங்க."

"அது நல்ல மாத்திரைதானே மேடம்?"

"அளவோட போட்டா நல்ல மாத்திரைதான். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல கூடாதுன்னு இருக்குல்ல, அதப்போல ரெண்டு பங்கு போயிருக்கு. சாப்பாடும் இல்ல. ஈரல் எப்படித் தாங்கும்? கடைசியா எப்பக் கொடுத்தீங்க?"

"நேத்து ராத்திரி."

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டு முறிவு மருந்தின் பெயரைச் சொன்னார். அப்புறம் வாசலில் நின்ற நசீரைப் பார்த்து வெடித்தார். "கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்ததுலேருந்து மூணு தடவை கேட்டேன். முக்கா மணி நேரத்தப் பாழாக்கிட்டீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

மருந்து இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக ஏறியது. மூன்றாம் நாள்தான் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெட்ட அளவு கொஞ்சம் இறங்கி வந்தது. ஈரல் தேறிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. அல்ஹம்துலில்லாஹ் என்று சாகிரா சொல்லி முடிப்பதற்குள் நசீர் ஆரம்பித்தான்.

"அத்தன பேரு முன்னாடி எம் மானத்த வாங்கிட்டியே."

"அத்தா உசுரு போயி மவுத்தானப்புறம் வாங்கியிருந்தா பரவால்லையா? போங்க, கஞ்சி வாங்கிக்கிட்டு வாங்க. வேற ஒரு பேச்சும் எங்கிட்ட வேணாம்."

போனான். வாங்கி வந்த கஞ்சியை அத்தாவுக்கு ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். மனசு ஆறவில்லை.

"ஏன் அத்தா, அவருதான் நீட்டுனாருன்னா, வயித்தப் பொரட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"காச்சலே ரெண்டாம் நாளு உட்டுடுச்சும்மா," என்றார் அத்தா, சன்னமான குரலில்.

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

"மாப்ள ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்றாரு. அம்புட்டு தூரத்துலேருந்து வாங்கியாந்து ஆசையா கையில வெக்கிறாரு. வேணாம்னா அவரு மனசு நோவுமேம்மா."

நசீர் கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தான். இத்தனை நாளும் இருந்த கோபத்தையெல்லாம் அவன் ஒருத்தன் மேலேயே கொட்டி வந்திருந்தாள் சாகிரா. இப்போது கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"நோவட்டுமே அத்தா! அவரு மனசு நொந்தா ரெண்டு நாள்ல சரியாப் போவும். நீங்க போயிருந்தா நான் எங்க போயி, யார அத்தான்னு கூப்புடுவேன்?"