ஈறு ஆறும் வரை

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்குப் பல் என்பது மெல்லுவதற்கு மட்டும்தான். காலையில் விரலில் கொஞ்சம் பல்பொடி, இரண்டு இழுப்பு, ஒரு துப்பு, வேலை முடிந்தது. ஈறில் ரத்தம் வந்தால் உடம்புச் சூடு என்பார். நான் கத்தாத நாளில்லை. மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் நெஞ்சில் வால்வு சுருங்கிவிட்டது. மேனாம்பேட்டுத் தெருமுனை வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த டாக்டர், "ஈறு நல்லா இருக்குன்னு பல் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வால்வில் உட்கார்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்தாம். மூச்சு முட்டி வந்தவரை வாயைத் திறக்கச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குமணன்சாவடியில் பல் டாக்டர் மைதிலி பார்த்தார். ஈறு முழுக்கச் சீழ். சுத்தம் செய்து மருந்து கொடுத்து, "மெத்துனு ஒரு பிரஷ் வாங்கி மெதுவா தேய்ங்க. அழுத்தவே கூடாது" என்றார்.

மெதுவாகச் செய்வதெல்லாம் இவருக்கு வராது. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் காலமெல்லாம் இரும்பைத் தேய்த்துத் துரு எடுத்த கை. எனக்குத் தெரியாமல் முரட்டு பிரஷ் ஒன்று வாங்கி, குழாயடியில் நின்று மூச்சிரைக்க இரைக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"யோவ், இன்னாய்யா பண்ற? மெதுவா தேய்க்கச் சொன்னாங்கல்ல?"

"மெதுவா தேச்சா துரு போவுமா? நாளு கம்மியா கீது ராணி."

பிரஷைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். இன்னொன்று வாங்கி வந்தார். திட்டினேன், அழுதேன். சாகப் பயந்தவரிடம் எதைச் சொல்லி நிறுத்துவது?

மறுபடி போனபோது ஈறெல்லாம் கிழிந்திருந்தது. மைதிலி எழுதித் தர மறுத்துவிட்டார். அந்தத் தேதி வேறு யாருக்கோ போயிற்று.

அதன் பிறகுதான் அடங்கினார். கையைத் தூக்கவும் தெம்பில்லாததால் நானே தேய்த்துவிட்டேன். குழந்தைபோல வாயைத் திறந்து காட்டுவார். இரண்டு மாதத்தில் ஈறு ஆறியது. மைதிலி சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இதயம் ரொம்பத் தளர்ந்துபோச்சும்மா. இனிமே ஆபரேஷன் தாங்காது. மாத்திரையிலயே ஓட்டிப் பார்ப்போம்."

"ஈறு ஆறிடுச்சே சார்" என்றேன். வேறென்ன சொல்ல வந்தது எனக்கு?

அவர் மாத்திரைச் சீட்டை எழுதி என்னிடம் நீட்டினார்.

வெளியே இவர் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் உதட்டை விலக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாரு நைனா, ஒரு சொட்டு ரத்தம் கீதா?" என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், முடியவில்லை.

"தேதி எப்போவாம்?"

"சொல்லி அனுப்புறேன்னாரு."

"அதுவரிக்கும் நீயே தேச்சுவுடு ராணி. இன்னொரு வாட்டி என்னால தேதி போவக்கூடாது."

"சரிய்யா" என்றேன்.