எல்லாருக்கும் பரம திருப்தி

டுவைட்டின் கடையில் துப்பாக்கி வாங்கி வருத்தப்பட்டவர் என்று அந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. அதாவது, வருத்தப்பட்டதாக வாய்திறந்து சொன்னவர் இல்லை. கடைவாசலைத் தாண்டிய துப்பாக்கியை டுவைட் திரும்ப எடுக்கமாட்டான். பழைய சாமானாக வேண்டுமானால் பாதி விலைக்கு வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பான். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, 'இது இன்னாருடையதாச்சே, பாவம், பார்த்து வாங்கத் தெரியலை' என்று பேசுவார்கள். அதற்குப் பயந்துகொண்டே எல்லாரும் திருப்தியாக இருந்தார்கள். அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கத்து ஆண்பிள்ளை தன் டிரக்கைக் குறை சொல்வான், சம்பந்தியைக் குறை சொல்வான், பாதிரியாரின் பிரசங்கத்தைக்கூடக் குறை சொல்வான். புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியைப் பற்றி மட்டும் அவன் வாயிலிருந்து ஒரு பொல்லாத வார்த்தை வராது.

இந்தப் பாழாய்ப்போன திருப்தியால்தான் வெர்லீனுக்கு அவள் அக்காவின் ஆடுகள் கையைவிட்டுப் போக இருந்தன.

அக்கா ஓபல் மலைமேல் தனியாக ஆடு வளர்த்தவள். இலையுதிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டாள். சினையாடுகள் பிப்ரவரியில் குட்டி போடும். அந்தச் சமயம் யாராவது அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தங்குகிறேன் என்றாள் வெர்லீன். அவள் கணவன் ஹோபர்ட்டுக்கு வீடுவீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிற வேலை. குளிர்காலத்தில் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, கூடப்போய்த் தங்க வழியில்லை. அந்த மலைப்பாதையிலோ போன வருஷம் காட்டுநாய்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போயின. ஆளில்லாத வீடுகளில் செம்புக்கம்பியை உருவித் திருடுகிற ஆட்களும் நடமாடினார்கள்.

"உனக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கித் தரேன்," என்றான் ஹோபர்ட். "இருபதடி தள்ளி காகிதத் தட்டை ஒட்டி அஞ்சு ரவுண்டு சுடு. அஞ்சும் தட்டுல விழுந்தா நீ பாட்டுக்குப் போ. இல்லேன்னா ஏலக்கார லெஸ்டர் வண்டி கொண்டாந்து ஆடு அத்தனையையும் ஏலத்துக்கு ஏத்திட்டுப் போகட்டும்."

"சொன்ன பேச்சு மாறமாட்டியே?"

"நான் என்னைக்கு மாறியிருக்கேன்?"

சாப்பிடுகிற தட்டு அகலம். அதில் ஐந்து ஓட்டை போடுவது பெரிய வித்தையில்லை என்று வெர்லீன் ஒப்புக்கொண்டாள்.

டுவைட் கடையில் ஹோபர்ட்டும் டுவைட்டும் தலையோடு தலை சேர்த்துக்கொண்டு அவளுக்கான துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பக்கத்தில் நின்று தூண்டில் புழு விற்கிற குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொம்பளைங்க கைக்குச் சின்னதுதான் லாயக்கு," என்றான் டுவைட். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற குட்டி ரிவால்வர். எடையே இல்லை. ஏப்ரன் பையில் போட்டால் இருக்கிறதே தெரியாது. கையோடு கையாக ஹோபர்ட் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டான். அவன் ரொம்ப நாளாகக் கண்வைத்திருந்த பெரிய ரிவால்வர் அது. அதன் குழல் சப்பாத்திக் கட்டை நீளம் இருக்கும், தோட்டாவோ கட்டைவிரல் பருமன்.

ஊருக்கு வெளியே பழைய சரளைக்கல் குழியில்தான் சனிக்கிழமைதோறும் எல்லாரும் கூடிச் சுடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிது வாங்கியவர் அதை மற்றவர்களுக்கும் சுடக் கொடுக்க வேண்டும். சுட்டவர் நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பித் தர வேண்டும். கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்துவிட்டு லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்கிற மாதிரிதான் இதுவும்.

வெர்லீன் முதல் ரவுண்டு சுட்டபோது உள்ளங்கையில் யாரோ சுத்தியலால் போட்ட மாதிரி இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அடுத்து, சனிக்கிழமை தவறாமல் வருகிற லாயிட் வாங்கிச் சுட்டான்.

"அருமையான சாமான், வெர்லீன். கொழந்தகூடச் சுடலாம்."

சொல்லிவிட்டுக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டவன் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு அவன் கூட்டாளி எர்ல் சுட்டான். அவனும் "பூ மாதிரி இருக்கு," என்றான். இரண்டு பேரும் வழக்கத்துக்குப் பழுதில்லாமல் பொய் சொன்னார்கள். அது பொய் என்று வெர்லீனுக்கு யார் சொல்வது? துப்பாக்கி நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் கோளாறு தன் கையில்தான் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு எத்தனை சனிக்கிழமை சுட்டாலும் தட்டில் இரண்டுக்கு மேல் விழவில்லை. மிச்சமெல்லாம் தட்டுக்குக் கீழே மண்ணைக் கிளறின.

"எப்படி, பிடிச்சிருக்கா?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஹோபர்ட் கேட்பான்.

"ரொம்ப. உன்னுது?"

"கேக்கணுமா? ராஜா மாதிரி இருக்கு!"

அந்த ராஜாவை வாங்கிய நாளிலிருந்து அவன் வலது மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தான். லாரிக் குழாயை இழுத்ததில் பிசகிவிட்டதாம். இடது கையால் பீன்ஸை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். வெர்லீன் நம்பினாள். சோளரொட்டியைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொடுத்தாள்.

ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை வரச் சொல்லி லெஸ்டரிடம் ஹோபர்ட் பேசி வைத்துவிட்டான். இந்தச் சனிக்கிழமை தட்டில் ஐந்து விழாவிட்டால் ஆடுகள் ஏலத்துக்குப் போகும். காலையில் அக்காவின் கொட்டகைக்குத் தீவனம் போடப் போனவள், ஓபல் பேர் வைத்துக் கூப்பிட்ட ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

குழியில் அன்று நெல்டா இருந்தாள். சுடுமிடத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டிலேயே கிடந்தவள், அன்றுதான் கைத்தடியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புதுத் துப்பாக்கியையும் அவள் பார்த்ததில்லை, வழக்கப்படி புகழவும் இல்லை.

வெர்லீன் சுட்டாள். ஒன்று தட்டின் ஓரத்தில் விழுந்தது. மற்ற நான்கும் மண்ணில்.

"போதும் வெர்லீன், விடு," என்றான் ஹோபர்ட். அவன் குரலில் பரிவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?"

"இரு ஹோபர்ட்டு, அவசரப்படாத," என்று நெல்டா எழுந்து வந்தாள். "அம்மாடி, அதை இங்க குடு. இந்தத் தடவ நான் போட்டுத் தரேன்."

முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டாக்களைப் போட்டாள். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே சுட்டுத் தீர்ந்த வெறும் கூடுகளையும் கலந்து போட்டு, தோட்டா உருளையைச் சுற்றிவிட்டு மூடிக் கொடுத்தாள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுகிறவருக்குத் தெரியாது.

வெர்லீன் குறிபார்த்து விசையை இழுத்தாள். கிளிக் என்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை படக்கென்று கீழே குனிந்து எழுந்தது.

"பாத்தியா? வெடிக்கவே இல்ல. அப்புறம் எதுக்கு உன் கை கீழ போச்சு?"

"உதைக்கும்னு நெனச்சேன்."

"உதைக்குதா?"

வெர்லீன் ஹோபர்ட்டைப் பார்த்தாள். அவன் ஆசையாக வாங்கிக்கொடுத்தது. பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆடுகள் நினைவுக்கு வந்தன.

"உயிர் போவுது நெல்டாக்கா. ஒவ்வொரு வாட்டியும் கைய ஒடிக்குது. கண்றாவித் துப்பாக்கி!"

லாயிட் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான்.

"ஒடிக்காம என்ன செய்யும்? காத்தாட்டம் இருக்கு, கனமே இல்ல. துப்பாக்கி தாங்க வேண்டிய உதைய நீ தாங்குற," என்றாள் நெல்டா. "டேய் லாயிட், எர்ல், நீங்களும் இதைச் சுட்டீங்கதானே? ஒருத்தனுக்கும் வாய் இல்லையா?"

"அது நல்ல துப்பாக்கிதான்," என்று ஹோபர்ட் சப்பைக்கட்டு கட்டினான். "எல்லாம் பழகணும். என்னுது இதவிட நாலு மடங்கு உதைக்கும். நான் அழுதுகிட்டா இருக்கேன்?"

"அப்படியா? உன்னுத எடு."

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, மறுக்க முடியாது. ஹோபர்ட் மணிக்கட்டுக் கட்டை இறுக்கிக்கொண்டு பெரிய ரிவால்வரை எடுத்துக் கொடுத்தான். நெல்டா அதிலும் வெறும் கூடு கலந்து போட்டுத் தந்தாள்.

ஹோபர்ட் சுட்ட முதல் ரவுண்டு குழியே அதிர வெடித்தது. தட்டுக்கு வெகு கீழே மண் பறந்தது. அடுத்தது கிளிக். தோள் இரண்டும் காதைத் தொட, கண்கள் இறுக மூட, அந்த நீளக் குழல் மாதா கோவிலில் மண்டியிடுகிறவன் மாதிரி குனிந்தது. எர்லுக்கு வந்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

"கண்ண மூடிட்டே ஹோபர்ட்டு," என்றாள் வெர்லீன். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே மலைத்துப்போய்ச் சொன்னாள்.

"வெயிலு."

"வெயில் எங்கய்யா இருக்கு? மழை வர்ற மாதிரி இருக்கு!" என்றாள் நெல்டா.

ஹோபர்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. மிச்சத்தையும் சுட்டுப் பார்த்தான். அவன் தட்டு கடையிலிருந்து வந்த மாதிரியே ஓட்டை இல்லாமல் சுத்தமாக இருந்தது.

நெல்டா தன் இடுப்பிலிருந்து பழைய ரிவால்வரை எடுத்து வெர்லீனிடம் நீட்டினாள். முழுக்க எஃகு. நடுத்தர அளவு, நல்ல கனம், மேல்பூச்சு தேய்ந்து போயிருந்தது. உதை குறைந்த தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தாள். புதுத் தட்டு ஒன்றை எர்ல் ஓடிப்போய் ஒட்டிவிட்டு வந்தான்.

முதல் ரவுண்டில் வெர்லீனின் கை அடிக்காகக் காத்திருந்தது. அடி வரவில்லை. யாரோ உள்ளங்கையைத் தள்ளிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தட்டின் மேல்பக்கம் ஓர் ஓட்டை. இரண்டாவதிலிருந்து அவள் கைக்குத் தைரியம் வந்தது. முதல் நான்கும் தட்டில் விழுந்தன. ஐந்தாவதைச் சுடும்போது ஆசையில் அவசரப்பட்டுவிட்டாள்.

"வெளிய," என்றான் லாயிட்.

"உள்ள," என்றான் எர்ல்.

வெளியேயா உள்ளேயா என்று சொல்ல வேண்டியவன் ஹோபர்ட். அவன் மெல்ல நடந்துபோய்த் தட்டுக்கு முன்னால் நின்றான். ஐந்தாவது ஓட்டை தட்டின் சுருக்கு விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. பாதி தட்டில், பாதி வெறும் பலகையில். வெளியே என்று அவன் சொன்னால் மறுப்பதற்கில்லை. அவன் விரலை அதில் வைத்துப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான்.

"தட்டுலதான் இருக்கு," என்றான்.

இருவரும் டிரக்கில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஹோபர்ட்டே பேச்சை ஆரம்பித்தான்.

"உன்னால முடியாதுன்னு நெனச்சேன். முடியக் கூடாதுன்னும் நெனச்சேன்."

"அதுக்காகத்தான் எனக்கு அந்தக் கண்றாவிய வாங்கிக் குடுத்தியா?"

"சேச்சே! அது சத்தியமா முட்டாத்தனம்தான். உன்னுது மட்டுமா? என்னுதப் பாரு," என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "குழாயும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த எழவு துப்பாக்கிதான்."

வெர்லீன் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ இல்லாத வீட்டுல எனக்கு இருப்புக் கொள்ளாது, வெர்லீன். பயமாவும் இருக்கு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் தட்டு, அஞ்சு ரவுண்டுன்னு எதையோ உளறிட்டேன்."

"ஞாயித்துக்கிழமையானா மேல வா. கோழி சூப் வச்சுத் தரேன். வரும்போது தீவன மூட்டையும் கொண்டா."

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் ஹோபர்ட் திரும்பவில்லை. நேரே டுவைட் கடை வாசலில் போய் நிறுத்தினான்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் எப்போதும் கூட்டம். கல்லாவுக்குப் பின்னாலிருந்த டுவைட் வழக்கம்போல் கேட்டான்: "என்ன ஹோபர்ட், புதுசு எப்படி? திருப்திதானே?"

ஹோபர்ட் இரண்டு துப்பாக்கிகளையும் காலியாகத் திறந்து கண்ணாடி மேல் வைத்தான்.

"இல்ல."

டுவைட்டுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். "என்னது?"

"திருப்தி இல்ல. அவளுதும் சரியில்ல, என்னுதும் சரியில்ல. பழைய சாமான் விலைக்கே எடுத்துக்க. யாரோடதுன்னு வேணா மேல சீட்டும் எழுதி ஒட்டிக்க."

தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "சொல்லப்போனா என்னுதும் மூணாவது ரவுண்டுல சிக்கிக்குது," என்றார். "எனக்கு அது கட்டைவிரல் தோலைப் பிச்சுடுது," என்றார் கதவருகில் இன்னொருவர். ஹோபர்ட்டின் டிரக்குக்குப் பின்னாலேயே குழியிலிருந்து வந்து சேர்ந்த லாயிட் வாசலில் நின்றபடி, "டார்ச் வச்சதுன்னு ஆசைப்பட்டு வாங்கினேன், எந்த உறையிலும் நுழைய மாட்டேங்குது," என்று ஒப்புக்கொண்டான். இத்தனை வருஷத் திருப்தியும் ஒரு மத்தியானத்தில் கொட்டித் தீர்ந்தது. டுவைட் பாவம், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

வெர்லீன் அந்தக் களேபரத்தில் தலையிடவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லி, இந்தத் தடவை தன் கையிலேயே பிடித்துப் பார்த்தாள். நெல்டாவுடையதைப் போலவே ஒரு பழைய எஃகு ரிவால்வரைத் தேர்ந்தெடுத்தாள்.

"அது கனமாச்சே அக்கா, உங்களுக்குத் தோதுப்படாது," என்றான் டுவைட்.

"கனமாத்தான் வேணும்."

அவன் தாள்களை நிரப்பி, போன் போட்டு அவள் பேரில் குற்றப் பதிவு இல்லை என்று சரிபார்த்து, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது: "திருப்திதானே அக்கா?"

"அது எனக்கு எப்படி இப்பவே தெரியும்? குட்டிங்க எல்லாம் நல்லபடியா பொறக்கட்டும். மார்ச் மாசம் வந்து சொல்றேன்."

ஹோபர்ட் வாசலுக்குப் போய்ப் போனைக் காதில் வைத்திருந்தான். அவன் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.

"லெஸ்டர், திங்கக்கிழமை வண்டி வேணாம்ப்பா. ஆமா, அவதான் மேல போய்த் தங்கப் போறா. தனியாத்தான். இல்ல, எனக்குக் கொஞ்சம்கூட திருப்தி இல்ல. அதெல்லாம் இல்லப்பா, வண்டி வேணாம்."