திங்கட்கிழமை மீன்

எனக்குக் கோபம் வந்தால் லேசில் அடங்காது. இது நடந்து ஒரு மாதமாகிறது, இன்னும் அடங்கவில்லை.

மன்னார்க் கடலில் எரிவாயு தேட ஒரு கப்பல் வந்து நின்றது. கப்பல்காரர்களின் சாப்பாட்டுக்கான சாமான்களை உள்ளூரிலேயே வாங்கப்போவதாகக் கம்பனி அறிவித்தது. போருக்குப் பிறகு மீள்குடியேறிய பள்ளிமுனைப் பெண்கள் இருபத்திரண்டு பேர் மீன் கொடுக்கச் சங்கமாகப் பதிந்தோம். தலைவி நான், எடித். இது சரிவந்தால் மீன் வாங்கும் முதலாளிமார் சொல்லும் விலைக்கெல்லாம் தலையாட்டத் தேவையில்லை.

கம்பனி அதிகாரி பிரசாந்தன் படிவத்தை வாசித்துக் காட்டினார். திங்களும் வியாழனும், காலை ஆறு மணிக்கு, புதிதாகப் பிடித்த மீன். எல்லோரும் ஓம் என்றோம். நான் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை நாள், எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. திங்கள் விடிந்த பிறகுதான் படகு இறங்கும். பிறகு ஆறு மணிக்கு எங்கிருந்து மீன் வரும்? அது என் மண்டையில் ஏறவேயில்லை.

சனிக்கிழமைதான் உறைத்தது. என் கணவர் கிறகரியிடம் கெஞ்சினேன்.

"ஒரு ஞாயிறு போனால் எல்லா ஞாயிறும் போகவேணும், எடித்," என்றார்.

தெற்கே முஸ்லிம் ஊரான சிலாவத்துறைக்கு ஓடினேன். அங்கே ஹலீம் நானாவிடம் இரண்டு படகுகள் இருந்தன.

"வெள்ளிக்கிழமை நாங்க போறேல்ல, ஞாயிறு நீங்க போறேல்ல. நான் பிடிச்சுத் தாறன்," என்றார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு முன்பே அவருடைய லொறியில் நானும் அவரும் இறங்குதுறைக்குப் போய் நின்றோம். பிரசாந்தன் பெட்டிகளைப் பார்த்தார்.

"அக்கா, உங்கட சங்கத்துப் படகில பிடிச்ச மீனைத்தான் எடுக்கலாம். பதிஞ்சது பள்ளிமுனை."

"சிலாவத்துறை எந்த நாட்டில இருக்குது தம்பி?"

"சட்டம் அக்கா. ஒப்பந்தம் இனிச் செல்லாது."

பக்கத்தில் கொழும்பு லொறியிலிருந்து ஐஸ் மீன் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, உள்ளூரோ என்று கேட்டேன். அவசரத்துக்கு வாங்கியது என்றார்.

பிறகு அவர் கைபேசியை எடுத்தார்.

"பெட்டியோட நிண்டு ஒரு படம் எடுப்பம். உள்ளூரில வாங்கிறம் எண்டு மேலிடத்துக்குக் காட்டவேணும். உங்கட பேரும் அடுத்த வருசம் மீன் வாங்கிற ஆக்களின்ர பட்டியலில நிக்கும்."

"மீன் வேண்டாம், முகம் மட்டும் வேணுமோ? எடுக்கேலாது," என்றேன். மற்ற இருபத்தொரு பேரையும் நான் கேட்கவில்லை. பெட்டிகளை நானே லொறியில் தூக்கி வைத்தேன்.

பள்ளிமுனையில் நடந்ததைச் சொன்னபோது பெண்கள் கைதட்டினார்கள். மாக்கிறட் மட்டும் தட்டவில்லை. போரில் புருசனையும் படகையும் இழந்தவள், மூன்று பிள்ளைகள்.

"படம்தானே எடித். நிண்டிருக்கலாமே," என்றாள்.

அவள்மீதும் எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அவள் சங்கத்துக்கு வருவதில்லை.