நாய் சாகாத நாய்க்கதை

பதினெட்டு வருடம் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர், நாற்பத்து மூன்றாவது வயதில் அந்த வேலையை உதறிவிட்டுத் தகவல் அறிவியல் ஆராய்ச்சியில் சேர்ந்தார். "மூளை கீளை கலங்கிப்போச்சாடி?" என்று அக்கா கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டார்.

இரண்டு வருடமாக நகர நூலகத்தின் மாடியறையில் அவர் படித்து வந்தது ஒரே ஒரு பட்டியலை. வாசகர்கள் கணினியில் தேடி, 'எதுவும் கிடைக்கவில்லை' என்று பதில் வாங்கிய வரிகள் அவை. காலையில் படிப்பார். மதியம் வண்ணப் பென்சிலை எடுத்து, தேடியவர் மனதில் இருந்திருக்கக்கூடிய அட்டைப்படத்தை வரைவார். வரைவது சின்ன வயதுப் பைத்தியம். அது ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கும் என்று அவரே நினைத்ததில்லை.

ஒரு நாள் அந்தப் பட்டியலுக்கே ஆபத்து வந்தது. இடத்தை அடைக்கிறது, அழிக்க வேண்டும் என்று கணினிப் பிரிவுத் தலைவர் எழுதிக் கேட்டிருந்தார். தலைமை நூலகர் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருட உழைப்பும் போயிற்று. அவர் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சுத்தக் குப்பை மேடம்," என்றார் கணினிக்காரர். "இதைக் கேளுங்க. 'நாய் சாகாத நாய்க்கதை'. இந்தப் பேர்ல எவன் புத்தகம் போட்டிருக்கான்?"

தலைமை நூலகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த வரி பதினொரு தடவை வந்திருக்கு சார்," என்றார் டீச்சர். "எல்லாமே சிறுவர் பகுதிக் கணினியில, பள்ளிக்கூடம் விட்ட கையோட. ஒரே குழந்தையாத்தான் இருக்கணும். நாய்க்கதைன்னு தேடினா நம்ம கணினி முதல்ல மூணு புத்தகம் காட்டுது. மூணுலயும் நாய் செத்துப்போகுது. படிச்சுப் பார்த்துட்டேன்."

கோப்பிலிருந்து தான் வரைந்த ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சொட்டச் சொட்ட நனைந்த நாய் ஒன்று வாசலில் வாலாட்டிக்கொண்டு நின்றது. கீழே, 'கடைசிப் பக்கத்திலும் உயிரோடு இருக்கும்' என்று எழுதியிருந்தது.

"அப்படி நாலு கதை தேடிப் பிடிச்சு, இந்த அட்டையோட கணினி பக்கத்துல வெச்சேன். அப்புறம் அந்த வரி வரவே இல்லை."

"அலுத்துப்போய் விட்டிருக்கலாமே?" என்றார் தலைமை நூலகர்.

"விட்டிருக்கலாம். மூணு வருஷமா யாரும் தொடாத நாலு புத்தகமும் மறுநாளே வெளியே போச்சு. எடுத்தது அந்தக் குழந்தைதானான்னு எனக்குத் தெரியாது மேடம். தெரியாததைத் தெரியும்னு எழுதவும் மாட்டேன்."

கணினிக்காரர் பட்டியலில் இன்னும் கீழே போயிருந்தார். "'தாத்தாகிட்ட எப்படி சாரி சொல்றது'... இதையெல்லாமா இங்க வந்து தேடறாங்க?"

"வேற யார்கிட்டயும் கேட்க முடியாததைத்தான் சார் இங்க கேட்கறாங்க."

தலைமை நூலகர் கடிதத்தின் குறுக்கே எழுதினார்: 'அழிக்கக் கூடாது. பட்டியல் தினமும் ஆய்வாளருக்கு அனுப்பப்பட வேண்டும்.'

"சரி, இடத்தை எங்கேயாவது ஒதுக்கித் தொலைக்கிறேன்," என்றார் கணினிக்காரர். கண் மட்டும் பட்டியலை விட்டு நகரவில்லை.

டீச்சர் கோப்பை அணைத்துக்கொண்டு மாடியேறினார். எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் மற்றவர்களுக்குக் கை வலிக்கத் தட்டியவர். படியில் முன்னும் பின்னும் பார்த்தார். யாரும் இல்லை. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனக்காக ஒரு தடவை பலமாகக் கை தட்டிக்கொண்டார்.