வக்கீலின் குறுக்கு விசாரணை

வெண்டல் பல வருடம் கோர்ட்டில் வாதாடியவர். அது சலித்துப்போய், மனநலச் சிகிச்சை படிக்க அமெரிக்காவின் டுலூத் நகரில் என்னிடம் வந்து சேர்ந்தார். மனதில் ஓடும் எண்ணம் சரிதானா என்று சிகிச்சைக்கு வந்தவரே சோதித்துப் பார்க்கும்படி செய்வதுதான் நாங்கள் சொல்லித்தரும் முறை. எல்லாம் கேள்வியில்தான் இருக்கிறது. கேள்வி கேட்பது தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துவிட்டார் மனிதர்.

அவருடைய சிகிச்சைப் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. முதல் இரண்டு பதிவிலும் அவர் தேறவில்லை. மூன்றாவதும் போனால் பயிற்சியை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

இரண்டாவது பதிவில் அவரிடம் சிகிச்சைக்கு வந்திருந்தவர் ஹெல்மி. கணவர் ஆர்வோ இறந்ததிலிருந்து போனையே எடுக்காத வயதான பெண்.

“போன் அடிச்சா சாவுச் சேதின்னு பயப்படுறீங்க. இதுவரைக்கும் எத்தனை தடவை அப்படி வந்திருக்கு?”

“ஒரு தடவை.”

“ஒரே தடவைதானே? அப்ப பயத்துக்கு ஆதாரம் இல்லைன்னு ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிறேன் தம்பி.”

பதிவை நிறுத்தினேன். “வக்கீலய்யா, கேஸ் ஜெயிச்சாச்சு. அந்தம்மா போனை எடுத்தாங்களா?”

“இல்லை” என்றார். “டாக்டரம்மா, பதில் தெரியாத கேள்வியைச் சாட்சிகிட்ட கேக்கவே கூடாது. எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம். கேட்டா கேஸ் கவுந்துரும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. “இங்க பதில் தெரிஞ்சிருந்தா கேக்கவே கூடாது.”

“அப்ப முட்டாள் மாதிரி உக்காந்திருக்கணுமா?”

“ஆமா. உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.”

மூன்றாவது பதிவு வந்தது. அதிலும் ஹெல்மிதான். இந்த மனிதர் திருந்தியிருப்பாரா என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல்.

“அந்த ஒரு தடவை போன்ல என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் வெண்டல்.

நீண்ட மௌனம். இப்போது குறுக்கே விழுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் விழவில்லை.

“தெரியாதுப்பா. நான் எடுக்கலை. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆர்வோதான் கூப்பிட்டிருக்கார். ரொட்டிக்கு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். அப்புறமா பேசிக்கலாம்னு விட்டுட்டேன். திரும்பக் கூப்பிட்டா நர்ஸ் எடுத்து, அவர் போயிட்டார்ங்கிறாங்க.”

“இப்ப போன் அடிச்சா மனசுல என்ன ஓடுது?”

“இப்ப எடுத்தா, அன்னிக்கும் எடுத்திருக்கலாம்னு ஆயிடுமே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது பயம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

“இது எனக்குத் தோணவே இல்லம்மா” என்றார் வெண்டல். “இன்னும் சொல்லுங்க.”

வெகுநேரம் சொன்னார் ஹெல்மி. கடைசியில் அவரே கேட்டார்: “நீ ஒரு நாள் அடிச்சுப் பாரேன் தம்பி. எடுப்பேனான்னு எனக்கே தெரியணும்.”

வெண்டலை அறைக்குள் கூப்பிட்டு, தேறிவிட்டதாகச் சொன்னேன். காதில் வாங்கினாரோ என்னவோ, போனைக் கையில் எடுத்தார். “இப்பவே அடிக்கட்டுமா? நீங்களும் இருங்க.”

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நான் சைகை காட்டினேன். அவர் வைக்கவில்லை.

“எடுத்துட்டேன்” என்றது ஒரு குரல். அப்புறம் அழுகை.

வெண்டல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.