சொந்த வீட்டு ஸ்லைடு

திங்கட்கிழமை அவளுடைய கணவரின் வலது காலைத் தொடையோடு எடுப்பதாக முடிவாகியிருந்தது. முழங்காலுக்கு மேலே ஒரு கட்டி. சதை எடுத்துப் பார்த்தவர்கள் புற்றுநோய் என்று எழுதிவிட்டார்கள். "இனிமே ஒத்தச் செருப்பு போதும். பாதி விலைக்குக் குடுப்பானா?" என்று கணவர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சதை பார்த்துச் சொல்கிற அதே தொழில்தான் அவளுக்கும். ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் ஒட்டிய சதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நோயா இல்லையா என்று சொல்கிற டாக்டர். கணவரின் ஸ்லைடை மூன்று நாளாகப் பார்த்தாள். காலையில் பார்த்தால் நோய். மத்தியானம் பார்த்தால் இல்லை. சொந்த வீட்டு ஸ்லைடைப் பார்க்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கண் பார்ப்பதை மனசு திருத்தி எழுதிவிடும்.

எலும்புக் கட்டி விஷயத்தில் குருவி சொன்னால் எந்த சர்ஜனும் கத்தியைக் கீழே வைப்பார். குருவி அவளோடு படித்தவள்; ஆறு வருடம் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் துறைத் தலைவி. இவளுக்குத்தான் யாரையும் விசாரிக்கும் வழக்கமில்லை. வேலை இருந்தால் பேசுவாள். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் மௌனம். அதை ஒரு குற்றமாக நினைத்ததே இல்லை.

போனில் குருவியின் பெயரைத் தொட்டு 'எப்படி இருக்கே' என்று அடித்தாள். கூசியது. அழித்தாள். அப்போதுதான் மேலே இருந்த செய்தி கண்ணில் பட்டது. குருவி மூன்று வருடத்துக்கு முன்னால் அனுப்பியது.

"பையன் கழுத்துல கழலை. ஸ்லைடு என் கையிலதான் இருக்கு. நான் பார்க்கக் கூடாது. நீ ஒரு தடவை பாரு டீ."

இவள் அதைப் படித்துவிட்டதற்கான அடையாளமும் பக்கத்திலேயே இருந்தது. ஏதோ அவசரத்தில் படித்து, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். எந்தச் சாயங்காலம்?

செய்தி அனுப்பவில்லை. ஸ்லைடுப் பெட்டியோடு நேரிலேயே போனாள்.

"வாங்க மேடம். வழியெல்லாம் ஞாபகமிருக்கா?" என்றாள் குருவி. உட்காரச் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஸ்லைடை வைத்துக் குனிந்தாள். வாய் ஓயாதவள் இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவருக்கு அடி ஏதாவது பட்டுச்சா?"

"வண்டி சாய்ஞ்சு... ரெண்டு மாசம் முன்னாடி."

"ஓரமெல்லாம் முத்தின எலும்பு, நடுவுலதான் இளசு. புற்றுநோய்னா தலைகீழா இருக்கும். ரத்தம் கட்டி எலும்பாயிருக்கு, அவ்வளவுதான். காலை எடுக்காதீங்கன்னு சர்ஜன்கிட்ட நானே சொல்றேன்."

அவள் ஸ்லைடை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். "உன் பையன்..." என்றாள்.

"பத்து நாள் காத்திருந்தேன். உன் கண்ணைத்தான் நம்பினேன். அப்புறம் நானே பார்த்துட்டேன்." குருவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "டாக்டரா பார்க்கல டீ, அம்மாவா பார்த்தேன். சாதாரணக் கழலைன்னு கையெழுத்துப் போட்டேன். தப்புன்னு தெரியறப்ப அஞ்சு மாசம் போயிடுச்சு. அவன் போயி, வர்ற மாசத்தோட ரெண்டு வருஷம்."

"எனக்கு யாருமே..."

"நம்ம கூடப் படிச்சவங்க எல்லாரும் வந்திருந்தாங்க."

"நான்..."

"பேசாத. உனக்குத்தான் அது பழக்கமாச்சே."

அவள் ஸ்லைடுப் பெட்டியை மூடினாள்.

"அப்புறம் ஏன் இதைப் பார்த்துக் குடுத்தே?"

"உன் வீட்டுக்காரர் எனக்கு என்ன பண்ணாரு?"

வராந்தாவுக்கு வந்தபோது போன் அடித்தது. கணவர்.

"எடுக்க வேண்டாமாம்," என்றாள்.

அவர் அழுதுகொண்டே, "குருவிகிட்ட போனைக் குடு. ரெண்டு காலாலயும் நடந்து வந்து கும்பிடறேன்னு நானே சொல்லணும். குடும்மா."

கதவின் கண்ணாடி வழியே தெரிந்தது. குருவி அடுத்த ஸ்லைடின் மேல் குனிந்திருந்தாள்.

"குடுக்கறேன்," என்றாள். கதவைத் தட்டக் கை எழவில்லை.